மீனை விடாதீர்கள், வெங்காயத்தைக் கவனியுங்கள்: ஐபிஎஸ் உள்ள கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாம்பனிலோ கீழக்கரையிலோ ஒருவருக்கு அடிக்கடி வயிறு பொருமி வலிக்கிறது, ஒரு நாள் கழிச்சல், மறுநாள் மலச்சிக்கல் என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்தார் முதலில் நிறுத்தச் சொல்வது மீனைத்தான். அடுத்து, சோற்றைக் குறைத்துச் சப்பாத்திக்கு மாறச் சொல்வார்கள். பிறகு நார்ச்சத்து நல்லது என்று கோதுமைத் தவிடும் சுண்டலும் தட்டில் ஏறும். ஐபிஎஸ் என்ற குடல் நோய்க்குறி உள்ளவரைப் பொறுத்தவரை இந்த மூன்று யோசனைகளும் ஏறக்குறைய தலைகீழானவை. மீனும் சோறும் இந்த நோயில் மிகக் குறைவாகத் தொந்தரவு தருபவை. வம்பு பெரும்பாலும் வெங்காயத்திலும் பூண்டிலும் கோதுமையிலும் கொண்டைக்கடலையிலும் இருக்கிறது.

ஐபிஎஸ் என்பது குடல் எரிச்சல் நோய்க்குறி. குடலில் புண்ணோ கட்டியோ இராது. ஸ்கேன் எடுத்தாலும் எண்டோஸ்கோப்பி செய்தாலும் எல்லாம் சரியாக இருப்பதாகவே முடிவு வரும். அதனால் வலி பொய்யாகிவிடாது. குடல் அசையும் வேகம் தாறுமாறாகியிருக்கும். குடல் நரம்புகள் அளவுக்கு மீறி உணரும். மற்றவருக்குத் தெரியாமலே போகும் வாயு இவருக்கு வலியாகத் தெரியும். மனக்கவலையும் தூக்கமின்மையும் இதைக் கூட்டும், ஆனால் 'எல்லாம் மனப்பிரமை' என்று தள்ளுவது அறியாமை. பலருக்குக் கடுமையான ஒரு வயிற்றுப்போக்கு வந்து போன பிறகே இது தொடங்குகிறது.

இங்கே எதைச் சாப்பிடுவது என்பதைவிட எந்த வரிசையில் மாற்றுவது என்பதே முக்கியம். ஒரே வாரத்தில் வெங்காயத்தை நிறுத்தி, இசப்கோல் என்ற நார் உமியைக் கரைத்துக் குடித்து, சுக்குத் தண்ணீரும் தொடங்கினால், குணமானாலும் எதனால் என்று தெரியாது, மோசமானாலும் தெரியாது.

முதல் படி: இது ஐபிஎஸ்தானா என்று உறுதிசெய்தல்

குடல் நோய் நிபுணர்கள் வகுத்து 2016-ல் வெளியான ரோம் வரையறையின்படி, கடந்த 3 மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருந்திருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாக இருத்தல், மலம் போகும் தடவைகள் மாறுதல், மலத்தின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை தொடங்கி 6 மாதமாவது ஆகியிருக்க வேண்டும்.

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் உணவு மாற்றத்தைத் தொடங்காமல் மருத்துவரிடம் போங்கள்: மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, தொடர் காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் கழிச்சல், 50 வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்றுநோய். நம் நாட்டில் குடல் காசநோயும் வயிற்றுவலியும் கழிச்சலுமாகத்தான் தலைகாட்டும். ரத்த அணுக்கள், அழற்சி அளவு, தைராய்டு ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் பெரும்பாலோருக்கு முதல் கட்டத்தில் போதும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளியாகவே பார்த்துக்கொள்ளலாம்.

வயிறு கலங்கும்போதெல்லாம் 'அமீபாவாக இருக்கும்' என்று தாங்களாகவே மெட்ரோனிடசோல் வாங்கி விழுங்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பரிசோதனை இல்லாமல் அதைத் திரும்பத் திரும்ப எடுப்பதால் ஐபிஎஸ் தீராது. வாய்க் கசப்பும் குமட்டலும்தான் மிஞ்சும்.

இரண்டாம் படி: இரண்டு வாரம் எழுதிவைத்தல்

இந்த இரண்டு வாரமும் எதையும் மாற்றாதீர்கள். பள்ளிக்கூட நோட்டு ஒன்று போதும். சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, வலி வந்த நேரம், மலத்தின் தன்மை, அன்றைய தூக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். மலத்தை விவரிக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் பிரிஸ்டல் அட்டவணையில் 7 வகைகள் உண்டு. 1, 2 என்றால் கட்டியான மலம், 3, 4 இயல்பானவை, 5 இளகியது, 6, 7 கழிச்சல். கூச்சத்தோடு 'கொஞ்சம் சரியில்லை' என்று மருத்துவரிடம் சொல்வதைவிட '6, ஒரு நாளைக்கு நான்கு தடவை' என்று சொல்வது எளிது, தெளிவும்கூட. பெண்களானால் மாதவிலக்கு நாள்களையும் குறியுங்கள்; அந்த நாள்களில் தொல்லை கூடுவது பலருக்கும் உண்டு.

மூன்றாம் படி: நேரமும் தண்ணீரும்

உணவில் கைவைப்பதற்கு முன் இதைச் செய்துபாருங்கள். இரவில் கடலுக்குப் போய் விடியற்காலையில் கரை திரும்புகிறவர்கள் வெறும் கட்டன் டீயில் இரவை ஓட்டிவிட்டு, ஏலம் முடிந்ததும் ஒரேயடியாக நான்கு பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுவதுண்டு. வெறும் வயிற்றில் கொழுப்பான பெரிய உணவு போய் விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி வேகமாகத் தள்ளும். 'சாப்பிட்ட கையோடு ஓட வேண்டியிருக்கிறது' என்று பலர் சொல்வதன் காரணம் இதுதான். படகில் இரண்டு இட்லியோ, ஒரு தூக்குச் சட்டியில் தண்ணீர்ச் சோறோ கொண்டுபோய் நடுவில் சாப்பிட்டால், கரையில் உண்ணும் அளவும் குறையும், ஓட்டமும் குறையும்.

பெண்களின் சிக்கல் வேறு. கடலில் பாசி எடுக்கப் போகிறவர்களும் மீன் விற்கக் கூடையோடு கிளம்புகிறவர்களும், போகிற இடத்தில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே காலையில் தண்ணீரையும் உணவையும் தள்ளிப்போடுவதுண்டு. வெயிலில் வியர்த்து, குடிக்காமலும் இருந்தால் பெருங்குடல் மலத்திலுள்ள நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எந்த மூலிகையும் அந்தச் சிக்கலை எளிதில் தீர்க்காது. வந்த உந்துதலை அடக்குவதும் நாளடைவில் மலச்சிக்கலைக் கூட்டும். இதற்கு மருந்தைவிடக் கழிப்பறைதான் தேவை என்பது என் எண்ணம். அது கிடைக்கும்வரை, எழுந்ததும் வெந்நீர், சிறிது உணவு, அதன்பின் பத்து நிமிடம் அவசரமில்லாமல் உட்காருதல் என்று கிளம்புவதற்கு முன்பே நேரம் ஒதுக்கினால் குடல் பழகிக்கொள்ளும். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு முக்காலி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பகுதியில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உவர்ப்பு. குடிநீரைக் குடத்துக்கு விலை கொடுத்து வாங்கும் வீடுகளில் குடிப்பதும் சுருங்கிப்போகிறது. நாளொன்றுக்கு 8 டம்ளருக்குக் குறையாமல் பாருங்கள். கோடையில் இன்னும் கூடுதலாக. டீயும் காபியும் சேர்த்து 3 கோப்பைக்கு மேல் வேண்டாம்.

நான்காம் படி: எதைக் குறைப்பது

மூன்றாம் படியிலேயே சிலருக்குப் பாதிச் சிரமம் தீரும். தீராதவர்களுக்கானது இது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சில வகைச் சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் நொதித்து வாயுவாகின்றன; நீரையும் இழுத்துக்கொள்கின்றன. இவற்றுக்கு ஃபாட்மேப் என்று பெயர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவான உணவுமுறை, இவற்றை 2 முதல் 6 வாரம் குறைத்துப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது.

நம் சமையலில் முதல் குற்றவாளி வெங்காயமும் பூண்டும். சின்ன வெங்காயம் உடம்புக்குக் குளிர்ச்சி என்று பழைய சோற்றோடு ஒரு கை கடித்துக்கொள்வோம். ஐபிஎஸ் உள்ளவருக்கு அந்தக் கைப்பிடியே மத்தியானப் பொருமல். இவற்றில் உள்ள ஃபிரக்டான் என்ற பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே ரசத்தில் பூண்டைத் தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, பிறகு பூண்டை மட்டும் ஒதுக்கிவிட்டுக் குடிப்பதில் பயனில்லை. எல்லாம் ரசத்தில் இறங்கியிருக்கும். மாறாக, நல்லெண்ணெயில் பூண்டுப் பல்லை முழுதாகப் போட்டுப் பொன்னிறமானதும் எடுத்துவிட்டால் மணம் மட்டும் எண்ணெயில் தங்கும்.

இதை வைத்து மீன்குழம்பை இப்படிச் செய்யலாம். பூண்டு மணமேறிய எண்ணெயில், பூண்டை முழுவதும் எடுத்த பிறகு, கடுகு, கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளியுங்கள். தக்காளி வதங்கியதும் மல்லித்தூள், மஞ்சள், மிளகாய், புளிக்கரைசல். கொதித்தபின் மீன். கடைசியில் சிறிது தேங்காய்ப்பால். வெங்காய மணம் வேண்டுமென்றால் வெங்காயத் தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கித் தூவுங்கள். அதில் ஃபிரக்டான் மிகக் குறைவு. கடையில் வாங்கும் குழம்புப் பொடியில் பூண்டும் வெங்காயமும் இருக்கிறதா என்று பாருங்கள். பூண்டெண்ணெயை அன்றன்றைக்கே செய்து தீர்த்துவிடுங்கள். நாள்கணக்கில் வெளியே வைத்தால் நச்சுக் கிருமி வளர இடமுண்டு.

மீனில் நொதிக்கும் மாவுச்சத்து கிடையாது. பாறை, விளைமீன், சீலா, நகரை, சூடை எதுவானாலும் குழம்பாகவோ அவித்தோ சாப்பிடலாம். எண்ணெயில் முக்கிப் பொரித்ததுதான் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அது கொழுப்பின் வேலை, மீனின் வேலையல்ல. ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரையைத் தின்று முகம் சிவந்து கழிச்சல் வந்தால், அது கெட்ட மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் நஞ்சு. அதை ஐபிஎஸ் கணக்கில் எழுதாதீர்கள்.

காரம் பற்றி ஒரு வார்த்தை. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமைதான். ஆனால் மிளகாயின் காரப்பொருள் குடல் சுவரில் வலியுணர்த்தும் நரம்பு முனைகளைத் தூண்டக்கூடியது. மலச்சிக்கலைவிடக் கழிச்சல் அதிகம் உள்ளவர்கள் அளவைப் பாதியாக்கினால் போதும். அடியோடு விட்டுவிட்டு மிளகுக்குத் தாவுவதால் பெரிய லாபமில்லை.

கோதுமையிலும் ஃபிரக்டான் உண்டு: சப்பாத்தி, பரோட்டா, ரவை உப்புமா எல்லாம் இதில் சேரும். அரிசிச் சோறு, இட்லி, இடியாப்பம், ஆப்பம், அரிசிப் புட்டு ஆகியவற்றில் தாராளமாக இருங்கள். கொண்டைக்கடலை, மொச்சை, தட்டைப்பயறு ஆகியவற்றை இந்த வாரங்களில் ஒதுக்குங்கள். பாசிப்பருப்பைப் பல மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்து ஒரு கரண்டி அளவில் சேர்க்கலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் நீர்மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பழங்களில் மாம்பழம், தர்ப்பூசணி, ஆப்பிள் வேண்டாம். பப்பாளி, ஆரஞ்சு, நன்கு பழுத்த கொய்யா, அதிகம் கனியாத வாழைப்பழம் சரி. இனிப்புக்குத் தேனைவிடக் கருப்பட்டி மேல். தேனில் ஃபிரக்டோஸ் மிகுதி. கருப்பட்டியின் இனிப்பு பெரும்பாலும் சாதாரணச் சர்க்கரையான சுக்ரோஸ்.

எடை குறைவாக இருப்பவர்கள், கர்ப்பிணிகள், வளரும் பிள்ளைகள் இந்தக் கட்டுப்பாட்டைத் தாங்களாகத் தொடங்க வேண்டாம்.

ஐந்தாம் படி: நார்ச்சத்து, ஆனால் எது?

நார்ச்சத்தில் இரண்டு வகை. தண்ணீரில் ஊறிக் கூழாவது ஒன்று. ஊறாமல் சக்கையாகப் போவது மற்றொன்று. ஐபிஎஸ்ஸுக்கு முதலாவதுதான் தேவை. 1994-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில், கோதுமைத் தவிடு தங்களை இன்னும் மோசமாக்கியதாக 55 சதவீத நோயாளிகள் சொன்னார்கள்; நன்மை கண்டவர்கள் 10 சதவீதம்தான். 2009-ல் நெதர்லாந்தில் 275 பேரைக் கொண்டு நடந்த ஆய்வில் இசப்கோல், தவிடு, இரண்டுமில்லாத வெறும் மாவு என்று மூன்றையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இசப்கோல்தான் முன்னே நின்றது. ஒப்பிடுவதற்காகக் கொடுத்த அந்த வெறும் மாவு என்ன தெரியுமா? அரிசி மாவு. நன்மையும் செய்யாது, தீமையும் செய்யாது என்று வெள்ளைக்காரரே நம்பிக் கையிலெடுத்த பொருளை நாம் தேவையில்லாமல் ஒதுக்கிக்கொண்டிருக்கிறோம்.

இசப்கோல் உமியை இப்படித் தொடங்குங்கள். முதல் வாரம் தினமும் ஒரு தேக்கரண்டி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் குடித்துவிட்டு, மேலும் அரை டம்ளர் தண்ணீர். பொருமல் இல்லையென்றால் அடுத்த வாரம் இரண்டு தேக்கரண்டி, காலையும் மாலையுமாகப் பிரித்து. அதற்கடுத்த வாரம் தேவையானால் மூன்று. இது கழிச்சலுக்கும் உதவும், மலச்சிக்கலுக்கும் உதவும். கழிச்சலில் நீரைப் பிடித்துக்கொள்கிறது, சிக்கலில் மலத்தை இளக்குகிறது. உமியை வறட்சியாக வாயில் போடவே கூடாது, தொண்டையில் அடைக்கும். விழுங்கச் சிரமம் உள்ளவர்களுக்கும் குடல் அடைப்பு வந்தவர்களுக்கும் இது வேண்டாம். வேறு மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். குடிக்கத் தண்ணீர் போதாத நாளில் இசப்கோலை விட்டுவிடுங்கள். தண்ணீரில்லாத நார் சிக்கலை இறுக்கும்.

தட்டில் சேர்க்க வெண்டைக்காய், கேரட், பீன்ஸ், கத்தரிக்காய் அளவாக நல்லவை. தை மாதத்தில் பனங்கிழங்கு வரும்போது மட்டும் கவனம். சிக்கலுக்கு நல்லது என்று நாலைந்தை ஒரேயடியாகத் தின்றால் இரவு முழுவதும் வயிறு பேசும்.

ஆறாம் படி: மூலிகைத் தேநீர்

இதை ஆறாவதாக வைத்தது வேண்டுமென்றே. மூலிகைத் தேநீர் துணைக்கு வருவது. முன்னே சொன்னவற்றைச் செய்யாமல் இதை மட்டும் குடித்துப் பயனில்லை. வெதுவெதுப்பான நீரே குடலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்தும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதினாவுக்குத்தான் சான்று அதிகம், ஆனால் ஒரு திருத்தத்தோடு. ஆய்வுகளில் பயன்பட்டது மென்தால் நிறைந்த மிளகுப் புதினாவின் எண்ணெய். அதுவும் இரைப்பையைத் தாண்டிக் குடலில் கரையும் உறையிட்ட மாத்திரையாக. மென்தால் குடல் தசையைத் தளர்த்துகிறது. நம் சந்தையில் கட்டாகக் கிடைக்கும் புதினா பெரும்பாலும் வேறு இனம்; அதில் மென்தால் குறைவு. ஆகவே பத்து இலையைக் கிள்ளிப்போட்டு, வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்துச் சாப்பாட்டுக்குப் பின் குடியுங்கள். இதமாக இருக்கும், மாத்திரையின் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்குப் புதினா அதைக் கூட்டும்.

சீரகத் தண்ணீர்: அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு டம்ளர் தண்ணீர், ஐந்து நிமிடக் கொதி. தினமும் குடிக்க எனக்குப் பிடித்தது இதுதான்.

சுக்கு குமட்டலுக்கும் மந்தத்துக்கும் நல்லது. ஐபிஎஸ் வலிக்கு என்று 2014-ல் 45 பேரிடம் சோதித்தபோது அது வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. சுக்கு மல்லிக் காபியைச் சுவைக்காகக் குடியுங்கள், கால் தேக்கரண்டிச் சுக்குக்கு மேல் போகாமல்.

சோம்பை உணவுக்குப் பின் சிட்டிகை மெல்வதில் தொல்லையில்லை. ஆனால் நெடுநேரம் ஊறவைத்த சோம்புத் தேநீரில் ஃபிரக்டான் இறங்கிவிடும். சாமந்தி வகைப் பூவான கெமோமில் தேநீருக்கும் இதே கதை. வெந்தயம் ஊறிக் கூழாகும் வகை நார் கொண்டது. சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தினசரி எடுக்க வேண்டாம்.

நிலாவாரைக்கு வருவோம். தென் மாவட்டங்களில் விளைந்து உலகமெங்கும் போகும் மலமிளக்கி இலை இது. திருநெல்வேலியின் பழைய ஆங்கிலப் பெயரிலேயே வெளிநாட்டுச் சந்தையில் அறியப்படுகிறது. 'உடல் இளைக்கும் தேநீர்', 'குடல் சுத்தித் தேநீர்' என்று பளபளப்பான பெட்டியில் வருபவை பலவற்றில் இருப்பதும் இதுவே. குடலைத் தூண்டிச் சுருங்கவைப்பதால், ஏற்கெனவே முறுக்கிக்கொள்ளும் வயிறு உள்ளவருக்கு வலி கூடும். எப்போதாவது ஒரு நாள் சரி. தினசரிக் கோப்பையாக வேண்டவே வேண்டாம்.

ஏழாம் படி: திரும்பச் சேர்த்தல்

பலர் செய்யாமல் விடும் படி இது. வயிறு அமைதியானதும் பயந்துபோய் அதே பத்திய உணவிலேயே தங்கிவிடுகிறார்கள். நீண்ட நாள் அப்படி இருந்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளுக்குத் தீனி குறையும், சத்தும் குறையும். ஆறு வாரத்துக்கு மேல் முழுக் கட்டுப்பாடு வேண்டாம்.

ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் என்று வையுங்கள். முதல் நாள் கால் டம்ளர் பால், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முழு டம்ளர். பிறகு மூன்று நாள் இடைவெளி. அடுத்த வாரம் பருப்பு, அதற்கடுத்த வாரம் ஒரு சப்பாத்தி. வெங்காயத்தையும் பூண்டையும் கடைசியில், தனித்தனியாக. எல்லாமே ஒத்துக்கொள்ளாது போகிறவர்கள் மிகக் குறைவு. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு பொருள்தான் எதிரி, அதுவும் அளவு மீறினால்.

இரண்டு காலங்களுக்கு மட்டும் முன்கூட்டியே திட்டம் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் விலை ஏறும்போது தட்டில் சுண்டலும் சாம்பாரும் பெருகும், பொருமலும் பெருகும். முட்டை, நாட்டுப்படகு மீன், பாசிப்பருப்பு ஆகியவற்றை அந்த மாதங்களுக்குக் குறித்துவையுங்கள். திரும்பச் சேர்க்கும் சோதனையை அப்போது நடத்தாதீர்கள்.

ரமலான் நோன்பில், பதினான்கு மணி நேரம் வெறும் வயிறாக இருந்துவிட்டு, பூண்டும் வெங்காயமும் பருப்பும் சேர்ந்த நோன்புக் கஞ்சியோடு வடையும் சமோசாவும் சேரும்போது குடல் திணறுகிறது. வீட்டுக்கென்று தனியாகப் பூண்டெண்ணெயில் தாளித்த கஞ்சி ஒரு சிறு பாத்திரம் காய்ச்சிக்கொள்ளலாம். முதலில் பேரீச்சை ஒன்று, தண்ணீர், கஞ்சி. தொழுகைக்குப் பிறகு மீதி உணவு. பாலில் காய்ச்சிய கடல்பாசிக்குப் பதில், சிறிது இளநீர் கலந்து தண்ணீரில் காய்ச்சியது. இசப்கோலை நோன்பு திறந்து ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால், இரவில் தண்ணீர் குடிக்க நேரம் இருக்கும். விடியலுக்கு முன் உண்ணும் சஹரில் குடித்தால் இருக்காது.

இவ்வளவும் செய்து மூன்று மாதத்துக்குப் பிறகும் வலி வாரத்தில் பல நாள் வந்தால், நோட்டோடு குடல் மருத்துவரைப் பாருங்கள். குடல் இறுக்கம் தளர்த்தும் மாத்திரைகளும் உறையிட்ட புதினா எண்ணெயும் உண்டு. மனச்சோர்வுக்கான சில மருந்துகளைக் குறைந்த அளவில் தந்து குடல் நரம்புகளை அடக்கும் சிகிச்சையும் உண்டு. அந்தச் சீட்டில் மனநல மருந்தின் பெயரைப் பார்த்துவிட்டு மருந்துக் கடையிலிருந்தே திரும்பி வந்துவிடாதீர்கள். எதற்காகத் தருகிறார் என்று மருத்துவரிடமே கேட்டுவிடுங்கள்.